கல்லடி வீட்டார் குழு: வெள்ளிக்கிழமை இரவு வான் வண்டியும் ஹெர்மீஸ் கப்பலும்

யோகம்: வெள்ளி இரவு 9 மணிக்கு வான் கல்லடிப் பாலத்தடியில் நிற்கும். செங்கலடி, மகாஓயா, பதுளை வழியாக நுவரெலியா போகிறோம். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

புவனா: நாங்கள் மூவரும் வருகிறோம். சுபன் அன்று காலையில், கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலுக்குச் சுழியோடப் போகிறானாம். 10 மணிக்குள் கரைக்கு வந்துவிடுவான்.

யோகம்: ரொறன்ரோவிலிருந்து கலியாணத்துக்கு வந்த பிள்ளைக்குக் கடலுக்கு அடியில் என்ன வேலை?

ரவி: படகு பேசியாகிவிட்டது, மாமி. கரையிலிருந்து ஐந்து கடல் மைல் அளவுதான்.

சிவராசா: சுபன், போவதற்கு முன் அந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றித் தெரிந்துகொண்டு போ. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். ஆனால் 1924இல் அது சேவைக்கு வருவதற்கு முன்பே ஜப்பானியர் தங்களுடையதை முடித்துவிட்டார்கள். 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையின் பேரில் திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்த கப்பல், மறுநாள் காலை திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. விமானம் தாங்க வேண்டிய கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 40 குண்டுகள் விழுந்தன. 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த வாம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. உயிர் தப்பிய ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல்தான் ஏற்றிச் சென்றது. அந்தச் சத்தத்தை இடி என்று நினைத்து மிளகாய் அள்ள ஓடியதாக எங்கள் ஆச்சி சொல்லுவார்.

ரவி: ஆச்சி அதை நெல் என்றும் சொல்லியிருக்கிறார், அப்பா.

சிவராசா: மிளகாய்தான். நான் சொல்ல வந்தது, அது ஒரு கல்லறை. ஒரு துண்டுகூட எடுத்து வரக்கூடாது.

யோகம்: அப்படியென்றால் அப்புவின் வலையில் வந்த பித்தளை வளையம் எந்தக் கல்லறையிலிருந்து வந்தது, அண்ணா? அது இன்றைக்கும் உங்கள் வீட்டில் பூச்சாடி தாங்கிக்கொண்டு நிற்கிறது.

சிவராசா: அது எந்தக் கப்பலுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை.

யோகம்: வீடு பெண்பிள்ளைகளுக்கு, பித்தளை உங்களுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தர்சினி: மாமி, வளையத்தைப் பிறகு பார்க்கலாம். சுபன், உன் சான்றிதழ் எத்தனை மீற்றருக்கு?

சுபன்: 30 மீற்றர், மச்சாள். கூட்டிப்போகிறவர்கள் அது போதும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தர்சினி: ஹெர்மீஸ் கிடப்பது 53 மீற்றரில். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீற்றர்தான். அந்த ஆழத்தில் அழுத்தம் இங்கிருப்பதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். சிலிண்டர் காற்றும் அத்தனை மடங்கு வேகமாகத் தீரும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசனே குடித்தவனைப்போல் தலையை மந்தமாக்கும். உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற, ஏறும் வழியில் இடையிடையே நின்று நின்றுதான் வர வேண்டும். மேலே வந்த பிறகும் அது முழுதாகப் போய்விடுவதில்லை; உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் மிச்சம் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். அதனால்தான் சுழியோடிவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள்.

யோகம்: நாங்கள் விமானத்தில் போகவில்லையே.

தர்சினி: மலை ஏறுவதும் அதேதான், மாமி. 600 மீற்றருக்கு மேல் போனாலே விமானக் கணக்குத்தான். நுவரெலியா 1,868 மீற்றர். காலை 10 மணிக்குக் கரைக்கு வருகிறவன் இரவு இரண்டு மணிக்குப் பதுளை தாண்டினால் 16 மணித்தியாலம்தான் ஆகிறது. இத்தகைய ஆழச் சுழியோட்டத்துக்கு ஒரு முழு நாளாவது விட வேண்டும். மூட்டுவலியில் தொடங்குவது முள்ளந்தண்டு வரைக்கும் போகலாம். அந்த நேரம் நாங்கள் லுணுகலைக் காட்டுக்குள் நிற்போம்.

புவனா: ஐயோ. நீ ஒன்றும் போக வேண்டாம், சுபன்.

சுபன்: அம்மா, முழுவதையும் வாசியுங்கள். ஆழமும் நாளும்தான் பிரச்சினை.

ரவி: நாளைக்கே கல்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டுக்குப் போகலாம். அதுவும் அதே நாளில் குண்டு விழுந்து மூழ்கிய எண்ணெய்க் கப்பல்தான். 25 மீற்றர் அளவில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இரும்பெல்லாம் முருகைக்கல் படர்ந்து, உள்ளே கலவாய் மீன் நிற்கும். பாசிக்குடாவின் ஆழமில்லாத முருகைக்கற்கள் 2016 வெப்பத்தில் வெளுத்ததைப் பார்த்தவனுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

தர்சினி: வியாழன் என்றால் இடையில் 30 மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும். எனக்குச் சம்மதம்.

சுபன்: ஹெர்மீஸ்தான் என் பதினைந்து வருட ஆசை. வானைச் சனி மத்தியானத்துக்கு மாற்ற முடியாதா, சின்னம்மா?

யோகம்: முடியாது. சாரதி முற்பணம் வாங்கிவிட்டார்.

தர்சினி: வான் மாறினாலும் ஆழம் மாறாது, சுபன்.

சிவராசா: சார்ஜன்ட் பற்றியும் ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

ரவி: அப்பா, குரல் பதிவாக வேண்டாம்.

புவனா: நாளைக்குப் போகிறானா, இல்லையா?

சுபன்: அனேகமாக.

யோகம்: வானுக்கு இதுவரை மூன்று பேர்தான் பெயர் தந்திருக்கிறீர்கள். அண்ணா வருவதென்றால் வளையத்தையும் ஏற்றிக்கொண்டு வரட்டும்.