பத்து மணிக்கு நிற்கும் வயிற்றுவலி: நடிப்பா, நோயா?

பிரம்படி
ஆறு வாரமா பள்ளிக்குப் போகாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாம். காலை ஏழு மணிக்கு வயித்துவலி. பள்ளி வேன் போனதும் பத்து மணிக்குப் பூரி கேட்குது. இதுக்குப் போய் கவுன்சிலிங்காம்! நாலு நாள் தரதரன்னு இழுத்துட்டுப் போய் வகுப்புல உட்கார வைங்க, அஞ்சாம் நாள் தானா நடந்து போகும். மனநலம்னு பேர் வச்சுப் பிள்ளைகளைக் கெடுக்கிறதே இப்போ ஃபேஷன்.

கரும்பலகை
வந்துட்டாருய்யா வாத்தியார். பத்து மணிக்கு வலி நிற்பதுதான் பதற்றத்தின் அடையாளமே. பயம் வந்தால் இரைப்பை மந்தமாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். அதனால்தான் குமட்டல், தொப்புளைச் சுற்றி வலி, நாலு தடவை கழிவறை. வேன் போய்விட்டது, இன்று பள்ளி இல்லை என்று உறுதியானதும் பயம் இறங்கும், கூடவே வலியும் இறங்கும். சனிக்கிழமை வலிக்காது, ஞாயிறு சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். ஞாயிறு சாயங்காலம் நடித்து யாருக்கு என்ன லாபம்?

பிரம்படி
அதையேதான் நானும் சொல்றேன். வேன் போனதும் வலி போச்சு. அப்போ வலி வயித்துல இல்ல, வேன்ல!

சுண்ணாம்பு
மட்டம் போடுறது வேற, பள்ளிக்குப் போக மறுக்கிறது வேற. மட்டம் போடுறவன் யூனிஃபார்மோட கிளம்பி வேற எங்கேயோ போவான், வீட்டுக்குத் தெரியாது. மறுக்கிற பிள்ளை வீட்டுலயே இருக்கும், பெத்தவங்களுக்கும் தெரியும். எதைப் பத்திப் பேசுறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

பிரம்படி
பத்து மணிக்குப் பதில் சொல்லுங்க, வகுப்பு எடுக்காதீங்க.

மருந்துச்சீட்டு
முதலில் உடம்பை ஒருமுறை பார்க்க வேண்டும். ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி. இதில் ஒன்று இருந்தாலும் பத்து மணிக் கணக்கு செல்லாது, உடனே டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லையென்றால் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, டாக்டர் சொன்னால் ஒரு ஸ்கேன், அதோடு நிறுத்துங்கள். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி ஸ்கேன் எடுத்தால் தனக்குப் பெரிய வியாதி என்று பிள்ளையே நம்பிவிடும்.

கரும்பலகை
சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்ட பழைய விவாத இழையில் "எதற்கும் ஒரு ஸ்கேன்" என்று எழுதியவர் நீங்கள்தானே? நல்ல மாற்றம்.

பிரம்படி சார், உங்கள் வைத்தியத்துக்கு வருகிறேன். ஆறு வாரம் வராத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை இழுத்துப் போனால் வாசலிலேயே வாந்தி எடுக்கும். பள்ளி போன் பண்ணும், நீங்கள் திருப்பிக் கூட்டி வருவீர்கள். "வாந்தி எடுத்தால் வீடு" என்று பிள்ளையின் உடம்புக்கு அன்றைக்கே பதிந்துவிடும். படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் யூனிஃபார்ம் போட்டு வாசல் வரை. அது பழகியதும் நூலகத்தில் அரை மணி. பிறகு பிடித்த பாடம் ஒரு பீரியட், கணக்கு பீரியடில் ஆரம்பிக்கவே கூடாது. பிரேயர் கடைசியில்தான், மொத்தப் பள்ளியும் திரும்பிப் பார்க்கும் இடம் அது. வாசலில் தினமும் ஒரே டீச்சர் வந்து கூட்டிப் போகட்டும். அம்மா ஐந்து நிமிடம் நின்று கொஞ்சினால் அழுகை அரை மணி ஆகும். "ஏண்டி வரல?" என்று தோழிகள் கேட்டால் சொல்ல ஒற்றை வரிப் பதிலை வீட்டிலேயே பழக்குங்கள். போகாத நாளில் பள்ளி நேரம் முடியும்வரை போனும் டிவியும் கிடையாது. இந்த ஒன்றைக் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமை பாதி வீடுகளில் சறுக்கும். சறுக்கினால் ஒரு படி இறங்குங்கள், வீட்டுக்கே திரும்பாதீர்கள்.

பள்ளிக்குப் போவதை விட்டு நாலு நாள்கூட ஆகாத சின்னப் பிள்ளை என்றால் மறுநாளே அனுப்புவதுதான் சரி. நாளாக நாளாக இறுகும்.

பிரம்படி
ஆக, அனுப்பத்தான் வேணும்னு ஒத்துக்கிட்டீங்க!

கரும்பலகை
அனுப்புவதும் இழுப்பதும் ஒன்றா? வகுப்பில் அடி விழுகிறதா, கேலி நடக்கிறதா என்று கேட்காமல் எந்தப் படியும் வைக்கக் கூடாது. அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை. உங்கள் புனைபெயரையே மாற்ற வேண்டியிருக்கும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையாக இருந்தால் கற்றல் குறைபாட்டுக்குப் பரிசோதியுங்கள், பயத்தின் வேர் அங்கே இருக்கலாம்.

மாலைமணி
எல்லாரும் 14417க்குப் போன் பண்ணுங்க, முடிஞ்சது.

கரும்பலகை
அது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். மனநலத்துக்கு டெலி மனஸ், 14416. 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. எண்ணைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதா?

மாலைமணி
14417லயும் மாணவர்களுக்கு ஆலோசனை தர்றாங்க. எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம் மாதிரி பேசாதீங்க.

சுண்ணாம்பு
13 முதல் 17 வயசுல 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினைன்னு 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்லுது. யாராவது அதைப் பேசுறீங்களா?

பிரம்படி
அந்த 7.3 பேரும் பத்து மணிக்குப் பூரி கேட்டாங்களா?

கரும்பலகை
பசித்தால் பதற்றமான பிள்ளையும் சாப்பிடும். ஏழு மணிக்கு அடைத்த தொண்டை பயம் போனதும் திறக்கும். மூன்றாவது தடவை சொல்கிறேன்.

பிரம்படி
முப்பது தடவை சொன்னாலும் பூரி பூரிதான்.

மருந்துச்சீட்டு
கரும்பலகை, அந்த ஆன்டிபயாடிக் இழையின் சுட்டியைப் போடுங்கள். நான் எங்கே ஸ்கேன் என்று எழுதினேன்? போடாமல் அடுத்த பதில் வரக் கூடாது.

கரும்பலகை
தேடிப் போடுகிறேன். அழித்துவிடாமல் இருங்கள்.