புது வட இந்திய ஹோட்டல்: பேர் வேற, கிரேவி ஒண்ணுதானா?

வெறும்சோறு:
சென்னையில போன மாசம் திறந்த ஒரு வட இந்திய ஹோட்டலுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி குடும்பத்தோட போனோம். நாலு பேர். கடை பேர் வேண்டாம், யார் பொழப்பையும் கெடுக்கற எண்ணமில்ல. தால் மக்கனி, பன்னீர் பட்டர் மசாலா, கடாய் பன்னீர், கூட ரொட்டி, நான், ஜீரா ரைஸ், பாப்பட். ரெண்டு பன்னீர் கிண்ணமும் வந்ததும் என் பொண்ணு கேட்டா, "அப்பா, இதுல எது எது?"

பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்பூனை மாத்தி மாத்தி ருசி பார்த்தேன். அதே ஆரஞ்சு, அதே தித்திப்பு, அதே முந்திரி வழவழப்பு. ஒண்ணுல மட்டும் நாலு துண்டு குடமிளகாய் மிதந்துச்சு. அதுக்குப் பத்து ரூபாய் கூடுதல். தாலும் தித்திப்புதான். தந்தூரி ரொட்டி மேல கருகல், அடியில பச்சை மாவு. ஒரே கிரேவிக்கு ஆறு பேர் வச்சு விக்கறதுக்குப் பேரு சமையலா?

கரோல்பாக் ரிட்டர்ன்:
சார், பதினோரு வருஷம் டெல்லியில குப்பை கொட்டினவன் சொல்றேன். அங்கேயும் நடுத்தர ஹோட்டல்ல இதே கதைதான். நம்ம டிபன் கடையில ஒரே மாவுதானே தோசை, ஊத்தப்பம்னு வருது? அதை யாரும் மோசடின்னு சொல்றதில்ல. தால் மக்கனி இனிப்பா இருக்குன்னு கோபப்படறீங்க. பஞ்சாபி வீட்ல கறுப்பு முழு உளுந்து போட்டு வைக்கற 'மா கி தால்' வேற. தக்காளி, வெண்ணெய், க்ரீம் எல்லாம் போட்ட மக்கனி, டெல்லி ஹோட்டல்காரங்க பெருசாக்கின அயிட்டம். அதையும் பட்டர் சிக்கனையும் முதல்ல செஞ்சது நாங்கதான்னு மோதி மஹால், தரியாகஞ்ச்னு ரெண்டு ஹோட்டல்காரங்க 2024ல டெல்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் நின்னாங்க. அசல் எதுன்னு அவங்களுக்குள்ளேயே தீரல.

வெறும்சோறு:
அசல் யாருதுன்னு நான் கேட்கவே இல்ல, ப்ரோ. தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் கண்ணை மூடிட்டே வித்தியாசம் சொல்லுவேன். இங்க கண்ணைத் திறந்து வச்சும் சொல்ல முடியல.

அடுப்படி:
ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றேன். நான் இந்த மாதிரி கிச்சன்ல தந்தூர் செக்‌ஷன்ல நின்னவன். எல்லா இடத்துலயும் பேஸ் கிரேவி மூணு நாலு இருக்கும்: வெங்காயம் தக்காளி ஒண்ணு, தக்காளி முந்திரி போட்ட மக்கனி ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, பாலக் ஒண்ணு. அது தப்பே இல்ல. அது இல்லாம கூட்டத்துல பத்து நிமிஷத்துல டேபிளுக்கு அனுப்ப முடியாது. பேஸுக்கு மேல என்ன செய்யறாங்கங்கறதுலதான் டிஷ் மாறும். கடாய்னா மல்லி விதையும் காஞ்ச மிளகாயும் வறுத்து ஒண்ணுரெண்டாத் தட்டிப் போடணும். சாப்பிடும்போது மல்லி விதை பல்லுல கடிபடணும். பட்டர் மசாலான்னா கடைசியில கசூரி மேத்தியை, அதாவது காஞ்ச வெந்தயக் கீரையை, கையில கசக்கித் தூவணும். அண்ணே, உங்களுக்கு மல்லி கடிபட்டுச்சா?

வெறும்சோறு:
ஒண்ணுகூட இல்ல தம்பி.

அடுப்படி:
அப்ப உங்க பொண்ணு கேட்டது நியாயம். கடாய்ங்கற பேர்ல மக்கனி கிரேவியை ஊத்தியிருக்காங்க.

ஆனா ரொட்டி விஷயத்துல கொஞ்சம் பொறுங்க. புது தந்தூர் உடனே சொன்ன பேச்சு கேட்காது. உள்சுவத்துல கீரை அரைச்சு, கடுகெண்ணெய், வெல்லம், உப்பு கலந்து பூசி, சின்னத் தீயில பழக்கணும். அவசரத்துல அதைச் சரியாச் செய்யலைன்னா ரொட்டி ஒண்ணு ஒட்டவே ஒட்டாது, இல்ல பிய்ஞ்சுதான் வரும். சுவர் சூடேறாம தணல் மட்டும் எரிஞ்சா நீங்க சொன்னதுதான்: மேல கருகும், அடி வேகாது. ஞாயிறு ராத்திரி ஒண்ணு மேல ஒண்ணா போட்டு எடுக்கும்போது சுவர் ஆறிடும், திரும்பக் காய விடமாட்டாங்க. துணித் திண்டுல ரொட்டியை வச்சு அந்தச் சூட்டுக்குள்ள கையை விடறவனைத் திட்டி என்ன பண்றது? என் வலது முழங்கைக்குக் கீழ இன்னும் முடி முளைக்கல.

மீனம்பாக்கம் மாமி:
கிரேவி இருக்கட்டும், பில் எவ்வளவுப்பா?

வெறும்சோறு:
சாப்பாடு 1,840. சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சன்ட், 184. அது மேல அஞ்சு பர்சன்ட் ஜிஎஸ்டி. மொத்தம் 2,125 ரூபாய் சொச்சம். மாமி, நான் பேசாம குடுத்துட்டு வந்துட்டேன்.

மீனம்பாக்கம் மாமி:
1,932 குடுத்திருந்தா போதும். 193 ரூபாய் தண்டம். சர்வீஸ் சார்ஜைத் தானாவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாச்சு. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போச்சு, 2025 மார்ச்சுல டெல்லி உயர்நீதிமன்றமும் ஆணையம் சொன்னதுதான் சரின்னுடுத்து. எடுக்க மாட்டேன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கோ. அதுல கொடுமை, அந்த 184க்கும் வரி போட்டிருக்கான் பாருங்கோ, 9 ரூபா 20 காசு!

கல்லாப்பெட்டி:
மாமி, சின்னதா ஒரு மெஸ் நடத்தறேன். சட்டம் நீங்க சொல்றதுதான், மறுக்கல. ஆனா வாடகை, கேஸ், வெளியூர்ல இருந்து வர்ற மாஸ்டருக்குத் தங்க இடம், இதெல்லாம் எங்கேருந்து வரும்? மெனுவுலயே விலையை ஏத்தினா வாசல்லயே திரும்பிப் போயிடறாங்க.

மீனம்பாக்கம் மாமி:
ஏத்துங்கோ. போர்டைப் பார்த்துட்டு வரதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம். சாப்பிட்டு கை கழுவினப்புறம் சொன்னா என்ன அர்த்தம்?

கரோல்பாக் ரிட்டர்ன்:
ஒண்ணு சொல்லட்டுமா. 'வட இந்திய' போர்டைப் பார்த்து நாமளும் எப்பவும் பன்னீரும் நானும்தான் ஆர்டர் பண்றோம். பீகார் லிட்டி சோக்காவையும் ராஜஸ்தான் தால் பாட்டியையும் நம்மள்ல எத்தனை பேர் கேட்கறோம்? கேட்காததை அவன் எதுக்குச் செய்வான்? நம்ம சென்னையிலயே வட இந்தியக்காரங்க நிறைய இருக்கற சௌகார்பேட்டைக்கு ஒரு சாயங்காலம் போங்க சார். இந்த ஆரஞ்சு கிரேவி இல்லாமலே வயிறு நிறையும்.

அடுப்படி:
அண்ணே, அதே கடைக்கே கூட்டமில்லாத நாள் மதியம் ஒரு தடவை போங்க. கடாய் பன்னீருக்கு மல்லி தட்டிப் போடச் சொல்லிக் கேளுங்க. ரெண்டு ரொட்டி மட்டும் சொல்லுங்க. அப்புறம் திட்டுங்க.

வெறும்சோறு (வியாழக்கிழமை):
நேத்து மதியம் தனியாப் போனேன். ஹால்ல மூணே டேபிள். மல்லி தட்டிப் போடணும்னு சொன்னதும் சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு உள்ள போனான். இருபது நிமிஷம். வந்தது வேற டிஷ். மல்லி கடிபட்டுச்சு, இஞ்சி நீளநீளமா கிடந்துச்சு, மூக்குல தண்ணி வந்துச்சு. ரொட்டி அடி நல்லா மொறுமொறுன்னு, ஒரு ஓரத்துல சாம்பல் ஒட்டியிருந்தது.

ஆனா அடுப்படி தம்பி, இதை ஏத்துக்க மாட்டேன். கேட்டாத்தான் மல்லின்னா மெனுவுல எதுக்குக் கடாய்னு அச்சடிக்கணும்?

கரோல்பாக் ரிட்டர்ன்:
விடமாட்டீங்களே சார்! சர்வீஸ் சார்ஜ் போட்டானா?

வெறும்சோறு:
போட்டான். எடுக்கச் சொன்னேன், வாயைத் திறக்காம வேற பில் அடிச்சுக் குடுத்துட்டான். ரொட்டி போட்ட பையனை வெளிய கூப்பிடச் சொல்லி அம்பது ரூபாயைக் கையில குடுத்துட்டு வந்தேன். அவனுக்கும் முழங்கைக்குக் கீழ முடியில்ல.