புதுப்பிப்பு: அம்மாவோடு காசி போய் வந்தாச்சு

முட்டி வலி இருக்கிற அம்மாவைக் காசிக்குக் கூட்டிப் போகலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தாராளமா போகலாம், ஆனா படித்துறையைக் குறைச்சுக்கோங்க.

2021 டிசம்பரில் திறந்த புது வளாகத்தால கங்கைக் கரையிலிருந்து நேரா விசுவநாதர் கோயிலுக்கு ஏறலாம். ஆனா அந்தப் பக்கம் படிகள் அதிகம். நாங்க கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற கோதௌலியா சந்திப்பு வரைக்கும் வண்டியில போய், அங்கிருந்து மெதுவா நடந்தோம். செல்போனை உள்ளே விடமாட்டாங்க, வெளியே லாக்கர்ல வச்சுடணும்.

விசாலாட்சி கோயில் சந்துக்குள்ள இருக்கு. நம்ம ஊர் பாணிக் கோபுரத்தைப் பார்த்ததும் அம்மா முகமே மாறிடுச்சு. செட்டிநாட்டு நகரத்தார் திருப்பணி அது. அவங்க சத்திரம் காசியில 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கு. விசுவநாதர் பூஜைக்கு அங்கிருந்துதான் தினமும் பொருட்கள் போகுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேதார் காட்ங்கிற படித்துறை. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் அமைச்ச மடம் அங்கேதான். கூட்டமும் குறைவு.

தசாசுவமேத படித்துறையில நடக்கிற கங்கா ஆரத்தியைப் படகிலிருந்து பாருங்கன்னு ஒருத்தர் சொன்னது நல்ல யோசனை. உட்கார்ந்தே பார்த்தோம். படகுக் கூலியை மட்டும் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.