ஒன்பது வயதுப் பையனிடம் இதை எப்படிப் பேசுவது?

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். போன வாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பக்கத்துப் பிள்ளையிடம், "உங்க ஆளுங்க எல்லாரையும் துரத்தணும்" என்றான். கையில் வண்ணப் பென்சில், முகத்தில் கோபமே இல்லை. ஏதோ விளையாட்டு வீடியோவில் கேட்டானாம்.

பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படாமல் பார்ப்பது 2015 சட்டப்படி இங்கே பள்ளியின் கடமை. பாதுகாப்புப் பொறுப்பாசிரியரிடம் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படக்கூடியவர்களுக்கு உதவும் 'சேனல்' திட்டம் வரை போனாலும் பெற்றோர் சம்மதம் வேண்டும், அது தண்டனை இல்லை என்றார். சரி, அது அவர் பொறுப்பு.

எனக்கு அவனைக் குற்றவாளியாகப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் அந்த இன்னொரு பிள்ளை இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. இருவரையும் சுட்டிக்காட்டாமல் வகுப்பில் இதை எப்படிப் பேசுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.