எழுபதைக் கடந்தவர்களைப் பணியிலிருந்து விடுவிக்கலாமா? வன்னிப் பங்குகளில் கண்டவை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபை அண்மையில் கூடியபோது, எழுபது வயதைக் கடந்தவர்களை வீடு சந்திப்பு, நோயாளர் சந்திப்பு ஆகிய பணிகளிலிருந்து விடுவித்து, அவற்றை இளையோரிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. முதியவர்களின் உடல்நலத்தில் அக்கறை கொண்டே அது சொல்லப்பட்டது. பங்குத்தந்தையரே 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்குமாறு திருச்சபைச் சட்டம் கேட்கும்போது, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் மட்டும் ஏன் ஓடித்திரிய வேண்டும் என்று ஒருவர் வினவினார். அந்த விதி பதவிக்கு உரியதே தவிர, பணிக்கு உரியதன்று. இலங்கையின் வடக்கே, வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் நான் உடன்சென்று கண்ட ஒன்றைச் சொன்னால் என் எண்ணம் விளங்கும்.

அங்கே கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கமான மரியாயின் சேனையில் பணியாற்றும் ஓர் ஆச்சிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. 1921 இல் டப்ளினில் தொடங்கிய அந்தச் சேனையின் உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடுவார்கள். இருவர் இருவராக வீடுகளுக்குச் சென்று, அடுத்த கூட்டத்தில் அறிக்கை கொடுப்பார்கள். ஆச்சியோடு செல்ல வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் அவருக்குப் பதிலாக நான் சென்றேன். நாங்கள் சந்தித்த பெண்மணி தனியே வாழ்பவர். ஒரு மகனைப் போர் முடிந்த 2009 இல் இழந்தவர். மற்றப் பிள்ளை வெளிநாட்டில். "சுகமாத்தான் இருக்கிறன்" என்று சிரித்தபடி பாயை விரித்தார்.

ஆச்சி உடனே செபமாலையை எடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றவர், அந்தப் பெண்மணி எழும்புவதற்கு முன்பே தாமாகவே குசினிக்குள் சென்றார். திரும்பி வந்து, என் காதருகே, "தம்பி, அடுப்பு குளிர்ந்து போய்க் கிடக்கு, நேற்றும் மூட்டேல்லைப் போல" என்றார். பின்னர் கதையோடு கதையாகக் கிளினிக் கொப்பியை வாங்கி, எழுத்துப் புலப்படாததால் என்னிடம் நீட்டினார். பிரஷர் குளிசை எடுக்கச் செல்ல வேண்டிய திகதி கடந்திருந்தது. ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. "வாற செவ்வாய் நான் கிளினிக்குக்குப் போகவேணும் பிள்ளை, தனியப் போகப் பயமாக் கிடக்கு, என்னோட வாறியே?" என்று உதவி கேட்பவரைப் போலக் கேட்டார். அந்தப் பெண்மணி உடனே ஒப்புக்கொண்டார். செபம் அதன் பிறகே தொடங்கியது.

இளையோரால் இதைச் செய்ய இயலாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போர்க்காலத்தில் வலைஞர்மடத்தில் ஒரே பதுங்குகுழியிலும், பின்னர் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் அடுத்தடுத்த கூடாரங்களிலும் இருந்தவர்கள் இவர்கள் இருவரும். அந்த உரிமை ஆச்சியைக் குசினிவரை அழைத்துச் செல்கிறது. படிவத்தோடு வரும் ஓர் இளைஞனுக்குத் திண்ணையில் ஒரு கதிரையும் "சுகம்" என்ற பதிலும் கிடைக்கலாம், அதற்கு மேல் கிடைப்பது அரிது. ஆகவே இருவர் செல்லும் அந்த ஒழுங்கில் ஒருவர் முதியவராகவும் மற்றவர் இளையவராகவும் இருப்பதே எங்கள் கிராமங்களுக்குப் பொருந்தும்.

முதியவர்களின் நினைவாற்றலும் பங்குக்குச் செய்யும் சேவைதான். போரில் பத்திரங்களையெல்லாம் தொலைத்த இளைஞர் ஒருவர் திருமணத்திற்குத் தேவையான திருமுழுக்குச் சான்று கேட்டு வந்தபோது, அவருக்குத் திருமுழுக்கு நடந்த நாளையும், ஞானத்தாய் தந்தையர் யார் என்பதையும், அன்று பெய்த மழையையும் எங்கள் பழைய மூப்பர் ஒருவர் தடுமாறாமல் சொன்னார். எவருக்கும் பாதகம் ஏற்படாத இடத்தில், ஐயத்திற்கு இடமற்ற ஒரே சாட்சியின் கூற்றைக் கொண்டே திருமுழுக்கை உறுதிப்படுத்தலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 876 ஆம் இலக்கம் கூறுகிறது. வன்னியில் இந்த ஏற்பாட்டின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளை யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று நாமும் கொண்டாடுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், முன்வரிசையில் இருத்துகிறோம். முன்வரிசைக் கதிரையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்வது மரியாதையாகாது. லூக்கா நற்செய்தியில் வரும் அன்னா எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண். கோயிலைவிட்டு நீங்காதிருந்த அவர், குழந்தை இயேசுவைக் கண்டதும் மீட்பை எதிர்பார்த்திருந்த எல்லாரிடமும் அதைப் பற்றிப் பேசினார். பேசுவது அவருடைய பணி; யாரும் அவரை ஓய்ந்திருக்கச் சொன்னதாக அங்கே இல்லை.

விடுவிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. திருநாளுக்குக் கதிரை தூக்குவது, மத்தியான வெயிலில் சைக்கிளில் ஊர் சுற்றித் தகவல் சொல்வது, பெரிய கிடாரத்தில் சமைப்பது ஆகியவற்றை இளையோர் எடுத்துக்கொள்ளட்டும். போக்குவரத்துத்தான் எங்களுக்குப் பெரும் சிக்கலாக இருக்கிறது. உங்கள் பங்குகளில் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

*

மேலே உள்ள கட்டுரையைப் படித்துவிட்டு, முழங்காவில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1992 இல் போரினால் இரணைதீவைவிட்டு வெளியேறி, இரணைமாதா நகரில் வாழ்ந்த எங்கள் மக்கள், தீவுக்குத் திரும்பும் உரிமை கேட்டு 2017 மே முதல் ஏறத்தாழ ஓராண்டு போராடி, 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் தாங்களாகவே தீவுக்குத் திரும்பினார்கள். இளையவர்கள் பலருக்கு அது பிறந்திராத ஊர். எந்தப் பற்றைக்குள் எவருடைய கிணறு இருக்கிறது என்று கைகாட்டிய அப்பு ஒருவர் இன்றும் அங்கே செல்லும்போது, முதலில் கோயில் முற்றத்தைக் கூட்டி, மணியின் கயிற்றை இழுத்துப் பார்த்து, நைந்திருந்தால் வலைக்கயிறு கொண்டு முடிச்சிட்டுவிட்டே குந்துவார். "விடுங்கோ அப்பு, நாங்கள் செய்யிறம்" என்றால், "நான் கூட்டுறன், நீ பார்த்துப் பழகு" என்பார். அதனால் இப்போது சிறுவர்கள் இருவருக்கு அந்த முடிச்சு தெரியும்.

போக்குவரத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பு எங்கள் கூட்டங்கள் கிழமைநாள் பின்னேரங்களில் நடந்ததால், முதியவர்கள் ஓட்டோவுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவற்றை ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு வைக்கிறோம். நோயாளர் சந்திப்புக்கு, அந்தந்தத் திக்கில் வீடுள்ள இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறார்கள். பெற்றோலுக்கு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு சிறு தொகையை ஒதுக்குகிறார்கள். ஏற்றிச் செல்பவர் வாசலில் காத்து நிற்காமல் உள்ளே சென்று கூட இருக்க வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் வைத்திருக்கும் நிபந்தனை.