பழைய கார் வாங்குற நம்ம கரை தம்பிகளுக்கு: இன்ஜினுக்குள்ள என்ன ஆயில் கெடக்குன்னு பாருங்க

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டின்னு நம்ம பக்கத்துலேர்ந்து துபாய், ஷார்ஜா வந்து லைசென்ஸ் எடுத்த கையோட பழைய கார் தேடுற தம்பிங்க கேக்குறதெல்லாம் ஏசி நல்லா இருக்கா, டயர் எந்த வருசம், ஆக்சிடென்ட் வண்டியா, அம்புட்டுதான். ஆயிலை பத்தி கேட்டா, "வித்தவரு இப்பத்தான் மாத்துனேன்னு சொன்னாரு காக்கா (அண்ணே)"ன்னு சொல்றாக. மாத்துனாரு சரி, எந்த ஆயிலு?

நம்மாளுக மனசுல கெட்டி ஆயில்தான் நல்ல ஆயில்னு ஒரு நெனப்பு இருக்கு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை நடக்குறத பாத்து வளந்தவுக நாம, அந்த டீசல் இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 மாதிரி ஊத்துறது சரிதான். (இதுதான் ஆயில் கிரேடு: முன்னாடி நம்பர் குளிர்ல எப்புடி ஓடும்ங்கிறதுக்கு, பின்னாடி நம்பர் சூட்டுல எம்புட்டு கெட்டிங்கிறதுக்கு, நம்பர் கூடுனா கெட்டி.) ஆனா இப்ப வர்ற ஜப்பான் பெட்ரோல் காருக நெறையத்துக்கு 0டபிள்யூ-20, இல்லாட்டி 5டபிள்யூ-30. வால்வ் டைமிங்க மாத்துற சிஸ்டமே ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது, அதுக்கு போற ஓட்டையெல்லாம் ரொம்ப சின்னது, கெட்டியா ஊத்துனா அங்க ஆயில் லேட்டாத்தான் போவும், பெட்ரோலும் கூட குடிக்கும்.

"இங்க வெயிலு 48 டிகிரி, கெட்டியாத்தான் ஊத்தணும்"னு கேரேஜ்ல சொல்லுவான். வெளிய எம்புட்டு வெயில் அடிச்சாலும் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் கூலன்ட்டை (இன்ஜினை ஆத்துற ரேடியேட்டர் தண்ணி) 90 டிகிரி சுத்துவட்டாரத்துலயே வச்சிருக்கும். பின்னாடி இருக்குற 20, 30, 40ங்கிற நம்பரே 100 டிகிரி சூட்டுல ஆயில் எம்புட்டு கெட்டியா இருக்குங்கிற கணக்குதான். சில வண்டி மேனுவல்ல (வண்டியோட வர்ற புக்கு) வெளி வெப்பத்துக்கு தக்கன நாலஞ்சு கிரேடு சார்ட் போட்டிருப்பான், அதுல இருந்தா தாராளமா ஊத்துங்க, இல்லாததை ஊத்தாதீங்க.

இன்னொன்னு, இதை கவனமா கேட்டுக்கங்க. ஆயில் குடிக்கிற இன்ஜின், டக் டக்னு சத்தம் போடுற இன்ஜின், பொகை வர்ற இன்ஜின், இதையெல்லாம் விக்கிறதுக்கு முன்னாடி 20டபிள்யூ-50 ஊத்தி விடுறது பழைய வித்தை. கொஞ்ச நாளைக்கு சத்தம் அடங்கி கெடக்கும். அதனால வண்டி பாக்க போறப்ப இன்ஜின் ஆறி கெடக்கும்போதே போயி நீங்களே ஸ்டார்ட் பண்ணி பாருங்க. விக்கிறவரு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா எனக்கு சந்தேகம் வரும்.

பாக்குறதுக்கு பெரிய வித்தை ஒன்னும் வேணாம். ஆயில் ஊத்துற மூடி மேலயே பல வண்டில கிரேடு எழுதியிருக்கும். மேனுவல் இல்லாட்டி கம்பெனி சைட்லயே பெரும்பாலும் கெடைக்கும். டோர் பக்கமோ கண்ணாடிலயோ ஆயில் மாத்துன கடை ஸ்டிக்கர் இருந்தா கிலோமீட்டரையும் தேதியையும் மீட்டரோட ஒப்பிட்டு பாருங்க. மூடியை தொறந்து அடில கருப்பா தார் மாதிரி அப்பியிருந்தா வருசக்கணக்கா சரியா மாத்தலைன்னு அர்த்தம். டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற கம்பி) ஆயில் பால் கலந்தாப்ல வெளுத்திருந்தா கூலன்ட் உள்ள எறங்குதுன்னு வச்சுக்கங்க, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடில இருக்குற சீல்) செலவு, பேரம் பேசாம வந்துருங்க. வெறும் கருப்பா இருக்குறதுக்கு பயப்பட வேணாம், ஆயில் அழுக்கை தூக்கிட்டு வர்றது அதோட வேலை.

என்னைய கேட்டா, யாரு என்ன சொன்னாலும் வாங்குன வாரத்துலயே ஆயிலும் ஃபில்டரும் சேத்து மாத்திருங்க. நாலு சிலிண்டர் காருக்கு நாலு லிட்டர் சொச்சம்தான். சீல் உடையாத கேனை உங்க கண்ணு முன்னாடி தொறக்கச் சொல்லுங்க, டிரம்முலேர்ந்து குழாய்ல ஊத்துறத ஒத்துக்காதீங்க. கேன்ல ஏபிஐ எஸ்பின்னு (API SP, ஆயிலோட தரத்தை சொல்ற குறி) போட்டிருந்தா அது 2020ல வந்த தரம், அதுக்கு முந்தின எஸ்என் (SN) தரம் கேக்குற பெட்ரோல் வண்டிக்கும் ஊத்தலாம். ஐரோப்பா வண்டின்னா கிரேடு மட்டும் பத்தாது, கம்பெனி அப்ரூவல் நம்பரும் பொருந்தணும், மெர்சிடிஸ்ல 229.5, 229.51னு வரும். டிபிஎஃப் (பொகைல வர்ற கரியை புடிக்கிற ஃபில்டர்) வச்ச டீசல் வண்டிக்கு சாம்பல் கம்மியான ஆயில்தான், இல்லாட்டி அந்த ஃபில்டர் அடைச்சுக்கும்.

"காக்கா, அமெரிக்கா இம்போர்ட் வண்டி எடுத்துருக்கேன்"னு கேட்ட தம்பிக்கு: ஒரே மாடலா இருந்தாலும் இன்ஜின் வேறயா இருக்கலாம், சேசிஸ் நம்பரை வச்சு அந்த வண்டிக்கான மேனுவலை பாருங்க.

கனடா போன மாப்ளைக்கு: உங்களுக்கு முன்னாடி நம்பர்தான் முக்கியம், மைனஸ் 30ல காலைல ஸ்டார்ட் பண்றப்ப 0டபிள்யூ ஆயில் சட்டுனு ஓடும், 15டபிள்யூ கூழா நிக்கும்.

மாத்துனப்புறம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு சமதரையில நிறுத்தி, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிசம் கழிச்சு டிப்ஸ்டிக்கை ஒருதரம் தொடச்சு, திரும்ப விட்டு பாருங்க. நல்லா கொறஞ்சிருந்தா இன்ஜின் ஆயில் குடிக்குது, இல்லாட்டி எங்கயோ ஒழுகுது. டெலிவரி பைக் ஓட்டுற ரூம்மேட்டுக்கு மிச்ச கார் ஆயிலை குடுத்துராதீங்க, பைக்ல கிளட்சும் அதே ஆயில்லதான் முங்கி கெடக்கும், வழுக்க ஆரம்பிச்சுரும், அதுக்கு ஜாசோ எம்ஏன்னு (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்ங்கிற குறி) போட்ட 4டி (4T, ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயில்தான்.