இருந்தவரா, இருக்கிறவரா? காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் கண்டவை: அனுபவப் பகிர்வு

திரி தொடக்கியவர்

இலங்கையின் வடக்கு கிழக்கில் உளவளத்துணைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இந்தத் திரி. பயிற்சியில் படிப்பிக்கிற துயரப் பாடம் செத்தவீடு நடந்த குடும்பத்துக்கானது. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் செத்தவீடும் இல்லை, எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. அந்தப் பாடத்தோடு போனால் முதல் நாளே வெளியே வரவேண்டிவரும். எது பிழையாகப் போகிறது, ஏன் பிழையாகப் போகிறது என்று எழுதுங்கள். ஆட்களின் பேர், ஊர் வேண்டாம். சொந்தக் கதையும் வேண்டாம்.

பனைநிழல்

முதல் பிழை வாய் திறந்த உடனேயே நடக்கும். "உங்கட மகன் என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டுப் பாருங்கள், அந்த அம்மாவின் முகம் இறுகிவிடும். 'செய்தவர்' என்ற ஒரு சொல்லில் பிள்ளையைச் சாகடித்தாயிற்று. சரி, "என்ன வேலை செய்யிறவர்?" என்று கேட்டால்? இந்தப் பிள்ளைக்கு ஏதோ தகவல் தெரிந்திருக்குது, அதுதான் இப்படிக் கேட்குது என்று அவ நிமிர்ந்து உட்காருவா. அது இன்னும் மோசம்.

நல்லகாலத்துக்குத் தமிழில் வினைச்சொல் இல்லாமலே கேட்கலாம். "மகன் எப்படிப்பட்ட பிள்ளை?" "எத்தனையாம் பிள்ளை?" "அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" இதில் ஒன்றிலும் காலம் இல்லை. அவ பதில் சொல்லும்போது எந்தக் காலத்தில் சொல்லுறா என்று கவனித்து, அதிலேயே தொடருங்கள்.

ஒரே இருப்பில் அவ மாறி மாறிக் கதைப்பா. "அவனுக்கு நண்டுக்கறி எண்டால் உயிர்" என்பா, கொஞ்சத்தால் "நல்ல குணமாய் இருந்த பிள்ளை" என்பா. உடனே குறிப்புப் புத்தகத்தில் 'இழப்பை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை' என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது. எழுதாதேயுங்கோ. இரண்டு நினைப்பும் அவவிடம் உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவின் போலின் பாஸ் 1970களில் இதற்குத்தான் 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தில் பேர் வைத்தார். அவர் சொல்வது, கோளாறு அந்த ஆளில் இல்லை, ஆள் மாட்டுப்பட்ட நிலைமையில் இருக்கிறது என்பது. ஆகவே துயரத்தை முடித்து வைக்கப் போகாமல், இரண்டு நினைப்போடும் சமைத்து, குளித்து, நித்திரை கொள்ள வழி தேடுங்கள்.

நெய்விளக்கு

பனைநிழல் சொன்னது கோவில் வாசலிலும் அப்படியே நடக்கும். அர்ச்சனை பேர், நட்சத்திரம் சொல்லி உயிரோடு இருக்கிறவருக்குச் செய்வது. இறந்தவருக்கு மோட்ச அர்ச்சனை, நெய்விளக்கு. மகனின் நட்சத்திரத்துக்கு மாதாமாதம் அர்ச்சனை செய்கிற அம்மாவிடம், "இனி ஆத்மசாந்திக்கு ஏதும் செய்யலாமே" என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னால் அந்த வீட்டுக் கதவு பிறகு திறக்காது.

ஆடி அமாவாசை இதைவிடச் சிக்கல். அது தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருந்து கீரிமலை போன்ற தீர்த்தங்களில் பிதிர்க்கடன் செய்கிற நாள். 2009இல் போர் முடியும்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவன் விரதம் பிடித்தால் தாய்க்குக் கோபம், பிடிக்காவிட்டால் பெரியப்பாவுக்குக் கோபம். இந்த இடத்தில் பலர் கைக்கொள்கிற வழி அன்னதானம். பிறந்தநாளன்று அவருக்கு விருப்பமான சாப்பாட்டைச் சமைத்து முதியோர் இல்லத்திலோ சிறுவர் இல்லத்திலோ கொடுப்பது. இருக்கிறவருக்கும் பிறந்தநாள் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. அதனால் வீட்டில் ஒருவரும் தோற்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் இதே வேலையை வேண்டுதல் பூசை செய்யும். நவம்பர் 2 மரித்தோர் நாளில் மட்டும் பூசைக்குப் பேர் கொடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

முதியவர்கள் 12 வருடக் கணக்கைச் சொல்வார்கள். அவ்வளவு காலம் தகவல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்து கிரியைகளைத் தொடங்கலாம் என்பது பழைய முறை. குடும்பம் தானாகக் கேட்டால் குருக்களிடம் அனுப்புங்கள். உளவளத்துணையாளர் வாயிலிருந்து அது முதலில் வரக்கூடாது.

கரைச்சிப்பக்கம்

சாத்திரியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "தெற்குப் பக்கம், நாலு சுவருக்குள்ள இருக்கிறார்" என்று குறி சொல்கிறவரிடம் போகாத குடும்பம் குறைவு. அதைப் பார்த்துச் சிரித்தால் அடுத்தமுறை மறைப்பார்கள், வட்டிக்கு எடுத்த கடனையும் சேர்த்து. "என்ன சொன்னவர்? கேட்டாப் பிறகு எத்தனை நாள் நித்திரை வந்தது?" என்று கேளுங்கள். வழமையாக இரண்டு மூன்று நாள் வரும், பிறகு முன்னையைவிட மோசம். அதை அவவே கணக்குப் பார்க்கட்டும். காசுக்கு ஒரு எல்லையை அவவே சொல்லவைத்தால் போதும்.

"ஆளைக் காட்டுறன், இவ்வளவு லட்சம் தாங்கோ" என்று வருகிறவன் வேறு ரகம். அது குறி இல்லை, மோசடி. பொலிசில் முறைப்பாடு செய்ய ஆள் துணை கொடுங்கள்.

அலுவலகக் கதிரை

மனைவிமாரைப் பற்றி ஒருவரும் இன்னும் எழுதவில்லை. தாய் எப்போதும் தாய்தான். மனைவிக்கோ தான் யார் என்பதே கேள்வி. பொட்டு வைத்தால் "ஆருக்குக் காட்ட?" என்பார்கள். வைக்காவிட்டால் மாமியார் "என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டாள்" என்பா. கல்யாணவீட்டில் ஆலத்தி எடுக்கக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவ காதுபடவே கதைப்பார்கள். படிவத்தில் 'திருமணமானவர்', 'விதவை' என்று இரண்டு கட்டம்தான். அதில் பேனை நின்றுவிடும். திட்டக்காரர் எழுதுகிற 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்பதையும் ஒருத்தி தன் பேராக ஏற்றுக்கொள்வாளா? படிவம் உங்கள் கையில் என்றால் 'கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள்.

மகளின் கல்யாணம் வரும்போது எல்லாம் ஒன்றாக வெடிக்கும். அழைப்பிதழில் தகப்பன் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடுவதா, 'திரு' போடுவதா? அடைமொழி ஒன்றும் இல்லாமல் தாய் தகப்பன் இரண்டு பேரையும் வெறும் பேராக அச்சடிக்கலாம், பார்க்கிறவர் கண்ணில் படாது. கன்னிகாதானத்துக்குத் தம்பதியாக நிற்கவேண்டும் என்பதால் மாமன் மாமியை நிறுத்துவார்கள், தாய் பின்வரிசைக்குப் போய்விடுவா. இதை ஒரு மாதத்துக்கு முதலே கதைத்து, தாய்க்கு மேடையில் என்ன வேலை என்று முடிவு எடுக்கவேண்டும். அன்றைக்குக் காலையில் கதைத்தால் அழுகையில்தான் முடியும்.

இனிப் பத்திரங்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு, இறந்தவர் என்று சொல்லாமலே, காணாமல் போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். சொத்தைப் பராமரிக்க, பிள்ளைகளின் பாதுகாவலைப் பெற, கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க அது உதவும். அதே 2016இல் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோர் அலுவலகம் வந்தது. சனம் சொல்வது ஓஎம்பி. அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் நிறையப் பேர். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். ஆகவே "எடுத்தால் நல்லது" என்று பிரசாரம் செய்யாதீர்கள்.

இரண்டு சான்றிதழும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தமிழில் வாசித்துக் காட்டி, தாளை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே கையெழுத்து வாங்காதீர்கள். கையெழுத்துப் போட்ட இரவில்தான் "நானே அவரைக் கைவிட்டிட்டன்" என்ற எண்ணம் வரும். அடுத்த நாள் ஒரு தொலைபேசி எடுங்கள். காணி மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கிற மருமகளும், அதைத் தொடவே மாட்டேன் என்கிற மாமியும் ஒரே வளவில் இருப்பார்கள். இரண்டு பேரையும் சம்மதிக்க வைப்பது உங்கள் வேலை இல்லை. ஒரே அடுப்பில் தொடர்ந்து சமைக்கிறார்களா என்று பாருங்கள், அது காணும்.

பாய்விரிப்பு

குழு வேலை பற்றி. 8 பேர், கூடினால் 10. தாய்மார் ஒரு குழு, மனைவிமார் வேறு குழு. காரணம் மேலே இருக்கிறது. கதிரை வேண்டாம், பாய் விரித்து வட்டமாக இருங்கள். காலை 10 முதல் 12 வரை, பள்ளிக்கூடம் விடமுதல் முடியவேண்டும். வெள்ளிக்கிழமையும் அறுவடைக் காலமும் ஆகாது. பஸ் காசு கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் தரம் வரமாட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவை.

ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் பயந்து தண்ணிப் போத்தலை நீட்டாதீர்கள். ஒப்பாரிக்கு ஏறி இறங்கி முடிகிற ஒழுங்கு உண்டு. பக்கத்தில் இருக்கிறவ தோளைக் கட்டிக்கொள்வா, இன்னொருத்தி பாட்டின் அடுத்த அடியை எடுப்பா, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். தேத்தண்ணி அதற்குப் பிறகு.

மூச்சுப் பயிற்சி: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். எண்ணுவதைவிடப் பழகிய சொல் நன்றாக நிற்கும். சைவர்களுக்கு 'ஓம் நமசிவாய', கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு 'சுபஹானல்லாஹ்'. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே கையாண்ட முறை இது. எங்கே பிழையாகப் போகும்? "கண்ணை மூடுங்கோ, படுங்கோ" என்று சொல்கிற இடத்தில். பங்கருக்குள் கிடந்தவருக்குக் கண் மூடினால் ஷெல் சத்தம் வரும். கண் திறந்தபடி, இருந்தபடி, விளக்குச் சுடரைப் பார்த்துச் செய்யட்டும்.

நாரி உளைவு, தலையிடி, நெஞ்சடைப்பு என்றால் 'மனப்பிரச்சினை' என்று தள்ளிவிடாமல், பிரஷர், சீனி, இரத்தச்சோகை பார்க்க முதலில் கிளினிக்குக்கு அனுப்புங்கள். சாகிற கதை வந்தால் நேரடியாகக் கேளுங்கள், வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள், தனியே விடாதீர்கள். இலங்கையில் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

கரைச்சிப்பக்கம்

பாய்விரிப்போடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியாது. செத்தவருக்குத்தான் ஒப்பாரி. ஒருத்தி எடுக்க, "என்ர பிள்ளை சாகேல்ல, நிப்பாட்டு" என்று மற்றவ எழும்பிப் போகிறது நடக்கிற விசயம். போன அம்மா திரும்பி வருவது லேசில்லை.

பாய்விரிப்பு

அது சரி. முதல் தடவையிலேயே "இங்க அழலாம், அழாமலும் இருக்கலாம், எழும்பி வெளியில போயும் வரலாம்" என்று சொல்லி, திண்ணையில் ஒரு ஆளை நிறுத்தவேண்டும். அதை எழுத விட்டுப்போச்சு. வெளியில் நிற்கிற ஆள் சமாதானம் சொல்லாமல் பக்கத்தில் இருந்தால் சரி.

ரொறொன்ரோப் பனி

வெளிநாட்டில் 'தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர்' என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு நம் ஆட்களின் கதை தலைகீழாகப் போகும். "மாமி பேசினவ" என்றால் ஏசினா என்று அர்த்தம், அது 'கதைத்தா' என்று போகிறது. "ஒரே யோசினை" என்பது கவலை, அது 'சிந்தனை' ஆகிறது. "அந்தரமாக் கிடக்கு" என்றால் மனம் நிலைகொள்ளாமல் தவிக்குது என்று அர்த்தம், அதை விட்டே விடுகிறார்கள். "விசர் பிடிக்குது" என்று சலிப்பில் சொன்னது மனநோய் அறிகுறியாகக் கோப்பில் ஏறுகிறது. அமர்வுக்கு முதல் பத்து நிமிடம் இந்தச் சொற்களை மொழிபெயர்ப்பாளரோடு பாருங்கள்.

அதற்காக அதே ஊர் ஆளைப் பிடிக்காதீர்கள். "நீங்கள் எந்த இடம்?" என்ற கேள்விக்குள் சாதி, இயக்கம் எல்லாம் இருக்கிறது. வேறு மாவட்டத்து ஈழத்தமிழர் நல்லது. வாடிக்கையாளர் விரும்பினால் பேர் சொல்லாமல் தொலைபேசி வழி.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. சுவரில் மாலை போடாத ஒரு படம், அதைப் பற்றிக் கேட்டால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. அந்தப் பிள்ளையிடம் "உன் அடையாளம் என்ன?" என்று கேட்டு ஒன்றும் வராது. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்ததை நினைந்து மே 18இல் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சியை வீட்டில் தாயோடு சேர்ந்து காய்ச்சச் சொல்லுங்கள். அரிசி, தண்ணி, உப்பு. வேறு ஒன்றும் போடுவதில்லை. ஏன் தேங்காய்ப்பால் இல்லை என்று பிள்ளை கேட்கும். கதை அங்கே தொடங்கும்.

அலுவலகக் கதிரை

யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழி பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூடவே பள்ளிப் பை, பொம்மை, உடுப்புகள். 2025 ஓகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவில், அடையாளம் காண்பதற்காகப் பொருட்களைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். இனியும் இப்படி நாட்கள் வரும்.

போகமுதல்: சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், பிரஷர் குளிசை போட்டிருக்கவேண்டும். தனியே வரவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரவும் விடாதீர்கள். உள்ளே என்ன இருக்கும், எந்த வரிசையில் பார்ப்பது என்று முதலே சொல்லுங்கள்.

உள்ளே: தாய்மார் நிறத்தைப் பார்ப்பதில்லை. மண் நிறத்தை மாற்றியிருக்கும் என்று அவைக்குத் தெரியும். கரை மடித்துத் தைத்த தையலையும் மாற்றித் தைத்த பொத்தானையும் பார்ப்பார்கள். "இதுவா அம்மா?" என்று கேட்காதீர்கள், திரும்பவும் பார்க்கவேண்டும் என்றால் விடுங்கள். அவ ஒன்றைக் காட்டினாலும் அது அடையாளம் உறுதி ஆகாது, மரபணுச் சோதனையும் நீதிமன்றமும் இருக்கிறது என்பதை வெளியே கூட்டிவந்து இருத்தி, ஆறுதலாகச் சொல்லுங்கள்.

பிறகு: ஒன்றும் காணாதவர்களைத்தான் மறந்துவிடுவோம். "என்ர பிள்ளை இல்லை" என்று வந்த ஆறுதல் வீட்டுக்குப் போக முதலே குற்றவுணர்வாக மாறிவிடும், பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருப்பா. மூன்றாம் நாள் அவவிடம் போங்கள். படிவம் கொண்டுபோக வேண்டாம். படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணியைக் குடியுங்கள்.